வடிகட்டி தவிர்த்த சொல்

கல்லூரி நூலகத்தில் அவனுக்கு வடிகட்டி என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் சம்பள ரசீதில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வடிகட்டி என்று சொல்வது அவன் காதுக்கும் வந்திருந்தது. வெளியே முறைத்துக்கொள்வான், உள்ளுக்குள் அவனுக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? ஆயிரக்கணக்கில் திரையில் வந்து கொட்டும் ஆய்வுக் கட்டுரைகளை அவன் நாலு தட்டுத் தட்டினால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கி நிற்கும். பேராசிரியர்களே தயங்கித் தயங்கி அவன் மேசைக்கு வந்து நிற்பார்கள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் அவன் வேண்டுமென்றே எதையோ தட்டிக்கொண்டிருப்பான். கொஞ்சம் காக்க வைத்தால்தான் மரியாதை என்பது அவன் எண்ணம்.

வாரம் ஒரு முறை ஆய்வு மாணவர்களுக்குத் தேடல் வகுப்பு எடுப்பான். அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. தேடுபொறியில் முழு வாக்கியத்தையும் கொட்டிவிட்டு முதல் பக்கத்திலேயே குடியிருக்கும் பிள்ளைகளைக் கண்டால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கடைக்காரர்கிட்ட போய் எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க, அவருக்கு மூட்டு வலி, அதனால அவர் இனிப்பு சாப்பிட மாட்டாருன்னு கதை சொல்லுவியா? என்ன வேணுமோ அதைக் கேளுப்பா" என்பான். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் கட்டிப்போடு. ஒரே பொருளுக்கு ஊரில் எத்தனை சொல் இருக்கிறதோ அத்தனையையும் யோசித்து எழுது. நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் விடாதே, அது யாரைச் சுட்டியிருக்கிறது என்று பின்னாலும் போ, அதை யார் சுட்டியிருக்கிறார்கள் என்று முன்னாலும் போ. இப்படி வாய் கிழியச் சொல்லிக்கொடுப்பான். கடைசியில் மூன்று இணைப்புச் சொற்களுக்கு வருவான்: மற்றும், அல்லது, தவிர.

"இந்த மூணாவது இருக்கு பாருங்க, தவிர. இது கத்தி. நீங்க போட்ட வார்த்தை ஒரு கட்டுரையோட சுருக்கத்துல ஒரு மூலையில இருந்தாலும் போதும், அந்தக் கட்டுரையையே தூக்கி வெளிய போட்டுரும். போட்டேன்னு உங்ககிட்ட சொல்லவும் சொல்லாது. வெங்காயம் நறுக்கப் போய் விரலை நறுக்கிக்காதீங்க."

வகுப்பு சிரிக்கும். அவனும் சிரிப்பான். ஒவ்வொரு வாரமும் அதே வெங்காயம், அதே விரல்.

வகுப்பை முடிக்கும்போது கையைத் தட்டி உதறியபடி இன்னொன்றும் சொல்வான்: "நான் தேடி இல்லேன்னா, அது இல்ல." இந்த மண்டைக்கனம்தான் அவன் தலையில் கல்லைப் போட்டது.

அவன் குடியிருந்தது அண்ணன் வீட்டில். கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு தேடச் சொன்னா அங்கயும் வடிகட்டியைத் தூக்கிட்டு வந்துட்டான், கடைசியில சைபர்ல வந்து நிக்குது" என்று அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அண்ணனுக்கு டயர் கடை. லாரிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்குக் கேட்கும். தம்பி படித்தவன் என்பதில் அவருக்குச் சொல்லி மாளாத பெருமை.

அந்தப் படிப்பு வந்ததில் அண்ணிக்குப் பெரிய பங்கு உண்டு. அவன் நூலகப் படிப்பின் கடைசித் தேர்வுக்கு உட்கார்ந்த வருஷம்தான் அண்ணிக்குப் பாப்பா பிறந்தாள். வயிற்று வலிக்காரக் குழந்தை, ஊரெல்லாம் அடங்கிய பிறகுதான் அவளுக்கு அழுகை பிறக்கும். இவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பட்டென்று மூடுவான். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. தொட்டிலைக் கழற்றிச் சமையல்கட்டில் மாட்டினாள், கதவையும் சாத்திக்கொண்டாள். இவன் அதற்கும் மேலே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தான், தூங்கினான், முதல் வகுப்பில் தேறினான். அண்ணன் கடைக்கு வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

பாப்பா வளர்ந்து வெளியூர் விடுதியில் படிக்கப் போன பிறகு அண்ணிக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அதற்குள் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, அதே கல்லூரியின் சமூகப்பணித் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தாள். முடி நரைக்கத் தொடங்கின வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். நிரந்தர வேலைக்கு அந்தப் பட்டம் வேண்டும். வயது வரம்பு வேறு கழுத்தை நெரித்தது. வரப்போகும் நேர்காணலை விட்டால் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது.

ஆய்வுப் பொருளை அவள் எங்கும் போய்த் தேடவில்லை, பேருந்து நிறுத்தத்தில் கண்டெடுத்தாள். காலையில் அவள் கல்லூரிக்கு நிற்கும் அதே நிறுத்தத்தில், ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த பெண்கள் நிற்பார்கள். கம்பத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்குவார்கள். புருவத்தில் மாவு ஒட்டியிருக்கும். பேருந்து வந்ததும் ஒருத்தி மற்றவளை உலுக்கி எழுப்புவாள். இந்தப் பெண்கள் எப்போது தூங்குகிறார்கள் என்பதுதான் அண்ணியின் ஆய்வு. ஒவ்வொரு வீடாகப் போய், வாசல்படியில் உட்கார்ந்து, சில சமயம் அவர்களுக்குப் பாத்திரம் துலக்கிக் கொடுத்துக்கூடக் கேட்டு எழுதினாள்.

ஆனால் அதற்கு முன்பு ஒரு வேலை உண்டு. இதை யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு அவள் வேறு யாரிடம் போவாள்? ஒரு மதியம் நூலகத்துக்கு வந்து கொழுந்தன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, நம்ம விஷயத்தைக் கொஞ்சம் பாரேன்."

அவன் கையைச் சொடுக்கிக்கொண்டு ஆரம்பித்தான். தூக்கம், மற்றும் இரவுப்பணி, மற்றும் பெண்கள், மற்றும் ரொட்டி ஆலை அல்லது உணவுத் தொழிற்சாலை. எல்லாம் சரியாகத்தான் போட்டான். திரையில் கட்டுரைகள் மளமளவென்று இறங்கின. பார்த்தால் பாதிக்கு மேல் பச்சைக் குழந்தைகளின் தூக்கம். குழந்தை எத்தனை மணிக்கு விழிக்கிறது, தாய் பணிக்குப் போனால் குழந்தை எப்படித் தூங்குகிறது என்று பக்கம் பக்கமாக. அவனுக்கு எரிச்சல் வந்தது. அடுத்த அறையில் துறைத்தலைவர் ஒருவர் வேறு காத்திருந்தார். அவன் வரியின் கடைசியில் சேர்த்தான்: தவிர, குழந்தை.

திரை சட்டென்று காலியானது. மிஞ்சிய கொஞ்சத்தில் ரொட்டி ஆலைப் பெண் ஒருத்திகூட இல்லை.

"அந்தக் குழந்தையை எதுக்குத் தம்பி எடுத்தே?" என்று அண்ணி கேட்டாள். கேட்டாள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

"பால்குடிக் குழந்தை தூங்குனா என்ன, தூங்காட்டி என்ன அண்ணி? உங்களுக்கு வேண்டியது பொம்பளைங்க தூக்கம். அது வெறும் குப்பை. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, என்கிட்ட விட்டுடுங்க." பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "வாழ்த்துகள் அண்ணி. இந்த ஆய்வுக்கு நீங்கதான் முதல் ஆள். நான் தேடி இல்லேன்னா, அது இல்ல."

"நீ சொன்னா சரி" என்றாள் அண்ணி. முகம் பூரித்துப்போனது. இதுவரை யாரும் செய்யாத முதல் ஆய்வு என்று முன்னுரையில் எழுதினாள், முடிவுரையிலும் எழுதினாள். விதிப்படி அந்தத் தேடல் வரியையும் ஆய்வேட்டில் சேர்த்தாள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள், வாய்மொழித் தேர்வுக்கு நாளும் குறித்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். வடிகட்டி புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனான். தேடல் வகுப்பு மாணவர்கள் சிலரை, வந்து பாருங்கடா என்று அவனே கூட்டிக்கொண்டு போனான். கடைசி வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த தலை, கனத்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா. களப்பணியைப் பற்றி நன்றாகவே சொன்னார். பிறகு பக்கங்களைப் புரட்டினார்.

"முதல் ஆய்வுன்னு அழுத்தி அழுத்தி எழுதியிருக்கீங்க. இதே மாதிரி ரொட்டி ஆலைப் பெண்களை வெச்சு ஒரு ஆய்வு வந்து பல வருஷம் ஆச்சே. பார்க்கலையா?"

"இல்ல மேடம்" என்றாள் அண்ணி.

"என்ன போட்டுத் தேடினீங்க? அந்த வரியைக் கொஞ்சம் படிங்க."

அண்ணி படித்தாள். தூக்கம், மற்றும் இரவுப்பணி, மற்றும் பெண்கள். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசைவரை கேட்டது. "தவிர, குழந்தை" என்று முடித்தபோது தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, ராத்திரி வேலைக்குப் போற பொம்பளையோட தூக்கத்தைப் பத்தி எழுதுறவங்க, குழந்தைங்கற வார்த்தையே இல்லாம எப்படிம்மா எழுதுவாங்க?"

அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். வடிகட்டி மடியில் கைப்பேசியை மறைத்து வைத்துக்கொண்டு, அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டுத் தேடிப் பார்த்தான். கொஞ்சம் கீழே தள்ளியதுமே அந்தக் கட்டுரை வந்து நின்றது. சுருக்கத்தின் முதல் வரியிலேயே, குழந்தைகளை வைத்துக்கொண்டு இரவு வேலைக்குப் போகும் பெண்கள் என்று இருந்தது. அவனுக்குக் காது மடல் சுட்டது.

"யாராவது தேடிக் கொடுத்தாங்களா?" என்று தேர்வாளர் கேட்டார்.

அண்ணியின் கண் ஒரு தரம் கடைசி வரிசைக்கு வந்து திரும்பியது. "நான்தான் தேடினேன் மேடம்."

எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வாரா வாரம் அந்தப் பேச்சுப் பேசுகிற வாய் அன்றைக்கு எங்கே போனதோ. பக்கத்தில் அவன் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் குனிந்து, அவிழாத செருப்பு வாரை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஆய்வுகளைத் தேடிப் படித்து, ஒப்பிட்டு, திருத்தி எழுதிவிட்டு வர வேண்டும். அதற்குள் நேர்காணல் வந்து போய்விடும். நிரந்தர வேலை என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் கடையை மூடிவிட்டுச் சீக்கிரமே வந்தார். விஷயம் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து குதித்தார். யார் யாருக்கு எதைத் தேடிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது.

"வீட்டுலயே ஒருத்தனை வெச்சுக்கிட்டு நீயா போய்த் தேடினியா? ஊருக்கெல்லாம் தேடிக் குடுக்கறவன். இவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

அண்ணி கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா. கேட்டிருக்கணும்."

வடிகட்டி வாயில் இருந்ததை விழுங்கினான். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அண்ணன் ஆறட்டும் என்று நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டான். அப்படிப் போட்டுக்கொண்டதை நினைத்துப் பிற்பாடு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் அண்ணி நூலகத்துக்கு வந்தாள். அவன் மேசைப் பக்கம் வராமல் மூலையில் இருந்த கணினியில் உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் தட்டினாள். அவன் தயங்கித் தயங்கிப் போய் நின்றான். அவன் மேசைக்கு வரும் பேராசிரியர்கள் நிற்பார்களே, அதே மாதிரி.

"நான் தேடித் தரட்டுமா அண்ணி?"

"வேண்டாம் தம்பி. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

நீங்க. பாப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே வா, போ, சாப்பிட்டியா, துண்டை எங்கடா போட்டே என்று பேசிய வாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இந்த மரியாதை அவனைக் கூனிக் குறுக வைத்தது.

அந்த வாரத் தேடல் வகுப்பில் தவிர என்ற சொல்லுக்கு வந்ததும் வெங்காயம் வாயில் வரவில்லை. வகுப்பு காத்திருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஒருத்தங்க இப்படித்தான் குழந்தைங்கற வார்த்தையை வெட்டிட்டாங்க" என்று ஆரம்பித்து, பெண்களின் தூக்கக் கதையை யாரோ செய்த தப்புபோல் சொல்லி முடித்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாரு சார் அந்த மேதாவி?" என்றான் முன்வரிசைக்காரன்.

அன்று அரங்கத்துக்கு வந்திருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "சார், அது உங்க அண்ணிதானே?"

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்று ஆட்டினான். "சரி, அடுத்ததைப் பார்ப்போம்" என்றான்.

பேசாமல் இருந்தது ஒரு தப்பு என்றால், இந்தத் தலையாட்டல் அதற்கும் அடுத்த தெருவில் இருந்தது. வகுப்பு முடிந்ததும் புத்தக அடுக்குகளுக்கு நடுவே போய் நின்றான். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தன் முகத்தை யாரும் பார்க்கவும் பிடிக்கவில்லை. அடுக்கில் நேராக இருந்த புத்தகங்களையே மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தான்.

கல்லூரியில் ஒரு செய்தி படியிறங்கி வர எவ்வளவு நேரமாகும்? அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அண்ணியிடம் வந்திருந்தது. அடுப்பைப் பார்த்து நின்றபடியே சொன்னாள்.

"உங்க வகுப்புல நான் பாடமாயிட்டேனாமே."

கோபம் இல்லை, கேலிகூட இல்லை. ஏதோ பால்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல் சொன்னாள். "அண்ணி" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

அண்ணன் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அவன் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"அண்ணா, அண்ணியோட ஆய்வுக்குத் தேடினது நான்தான். அந்த வார்த்தையை வெட்டினது நான். அண்ணி எதுக்குன்னு கேட்டாங்க. உங்களுக்குப் புரியாதுன்னு சொன்னேன். தப்பு முழுக்க என்னோடது."

அண்ணன் கையில் எடுத்த கவளத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"தங்கமான மனசுடா உனக்கு" என்றார். "அண்ணிக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதுன்னு பழியை உன் தலையில தூக்கிப் போட்டுக்கறியே. பார்த்தியாடி? இப்படி ஒரு கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான்?"

வடிகட்டிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கண் இமைக்கும் நேரம்தான். சொல்லியும் ஆயிற்று, பேரும் கெடவில்லை, இதோடு விட்டுவிடலாமே என்று மனசு ஒரு கணம் சப்புக்கொட்டியது. நிமிர்ந்தபோது அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிம்மதியை அவள் பார்த்துவிட்டாள். அரங்கத்தில்கூட அவனுக்கு அவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை.

உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். நூலகத் தரவுத்தளம், உள்ளே நுழைந்து தேடுகிறவர் தேடியதையெல்லாம் அவரவர் பெயரில் சேர்த்து வைக்கும். அந்த மதியத்தின் தேடல் அவன் பெயருக்குக் கீழே அப்படியே கிடந்தது.

அண்ணன் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னடா இது, ஒண்ணும் விளங்கல. இதுல தப்பு எங்க இருக்கு?"

டயர் கடைக்காரருக்கு அவன் தேடல் வகுப்பை முதலிலிருந்து எடுத்தான். மற்றும் என்றால் என்ன, அல்லது என்றால் என்ன என்று சொன்னான். தவிர என்ற இடத்துக்கு வந்ததும் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினான். வேடிக்கைப் பேச்சு எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அண்ணன் அந்த வரியை வாய்விட்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"பொம்பளைங்க தூக்கத்துல இருந்து குழந்தையையா எடுத்தே? பாப்பா பொறந்த வருஷம் இவ தூங்கவே இல்லையேடா. நீ படிக்கணும்னு தொட்டிலைக் கழட்டிக்கிட்டு சமையல்கட்டுக்குப் போனாளே. நீ இதே வீட்டுலதானே இருந்தே? அதுகூடவா உனக்குத் தோணல?"

வடிகட்டி திரையைப் பார்த்தான். சொல்ல வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"காதுல பஞ்சு வெச்சிருந்தேண்ணா."

அண்ணன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவரும்தான் அந்த வருஷம் முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கியவர், அது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அண்ணி மடிக்கணினியை மூடித் தள்ளி வைத்துவிட்டு, இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

"வந்து உட்காரு" என்றாள். "அடுத்த வாரம் உன் வகுப்புல இதைச் சொல்லு. அந்தப் பொண்ணு கேட்டப்ப தலையை ஆட்டினியாமே, அதையும் சேர்த்துச் சொல்லு."